ஹை-எண்ட் ஸ்பீக்கர் என் அறைக்கும் என் பாட்டுக்கும் ஒத்துவருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லட்சக்கணக்கில் விலையுள்ள ஸ்பீக்கரை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலானோர் சென்னை, கோவை, மதுரைப் பக்கம் ஃப்ளாட்டிலோ தனி வீட்டிலோ இருப்பவர்கள். ஹாலில் கேட்பார்கள், இல்லையென்றால் ஒரு படுக்கையறையை இதற்கென்று ஒதுக்கியிருப்பார்கள். பதில்களும் அப்படிப்பட்ட அறைகளை மனதில் வைத்தவைதான்.

பணம் கொடுத்து நல்லதாக வாங்கினால் எந்த அறையிலும் நன்றாகத்தானே இருக்கும்?

இருக்காது. நம் வீட்டு அளவுள்ள ஓர் அறையில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 200 அதிர்வு) கீழே நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு அறையுடையது, அதற்கு மேலேதான் ஸ்பீக்கரின் சொந்தக் குணம் ஓரளவு தப்பித்துக் காதுக்கு வந்து சேர்கிறது. விலை உயர்ந்த டவர் ஸ்பீக்கரில் (தரையில் நிற்கும் உயரமான வகை) நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பேஸுக்காக, அதாவது தாழ்ந்த ஒலிக்காக, போகிறது: பெரிய பெட்டி, பெரிய வூஃபர் (பேஸைக் கொடுக்கும் பெரிய கூம்பு), கனமான காந்தம். அந்த பேஸை 10-க்கு 10 அறையில் அவிழ்த்துவிட்டால் பாட்டு முழுவதையும் அதுவே மூடிவிடும். அதே அறையில் 80 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிற ஒரு சின்ன ஸ்பீக்கர் பாடகரின் குரலைத் தெளிவாக எடுத்துக் கொடுக்கும். அதனால் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் அறையைப் பாருங்கள், பிறகு நீங்கள் தினமும் உண்மையில் என்ன கேட்கிறீர்கள் என்று பாருங்கள்.

சரி, அறையில் எதைப் பார்ப்பது?

முதலில் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் அளந்துகொள்ளுங்கள். 565 என்ற எண்ணை ஒவ்வொரு அளவாலும் வகுத்தால் அந்தத் திசையில் அறை எந்த அதிர்வெண்ணில் தானாகவே முழங்கும் என்பது ஹெர்ட்ஸில் கிடைக்கும் (ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1,130 அடி போகிறது, அதில் பாதிதான் இந்த 565). 10 அடி என்றால் 56, 12 அடி என்றால் 47, 14 அடி என்றால் 40. அந்த எண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் முழங்கும்.

இதில் ஆபத்து எங்கே என்றால், நம் ஊர்ப் படுக்கையறைகள் பல 10-க்கு 10 இருக்கும், கூரையும் 10 அடிக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். மூன்று திசையிலும் முழக்கம் 56 ஹெர்ட்ஸிலேயே வந்து குவிகிறது. பேஸ் கிட்டாரில் நாலு சுரம் வாசித்தால் ஒன்று மட்டும் வயிற்றில் குத்தும், மற்ற மூன்றும் காணாமல் போகும். கனசதுரம் போன்ற அறையில் பெரிய டவரை வைக்கவே வைக்காதீர்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். 12-க்கு 17 அறை என்றால் முழக்கங்கள் பல இடங்களில் பரவிவிடும், சமாளிக்கலாம்.

அளவு தெரிந்த பிறகு இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஹால்களில் ஒரு பக்கம் சுவர் இருக்கும், மறுபக்கம் டைனிங்கும் சமையலறையும் திறந்து கிடக்கும். சுவர்ப் பக்கத்து ஸ்பீக்கரில் பேஸ் கூடும், திறந்த பக்கத்து ஸ்பீக்கரில் குறையும். இதற்காக ஸ்பீக்கர் வாங்குவதையே கைவிட வேண்டாம், ஆனால் எந்தச் சுவரைப் பார்த்து உட்காருவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சோபா ஏற்கெனவே எங்கே கிடக்கிறதோ அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அளவுக் கருவி எதுவும் இல்லாமல் காதாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

நிறையவே முடியும். அறை நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டுங்கள். ஓசை முடிந்த பிறகு உலோகத்தைத் தட்டியது போல ஒரு நடுக்கம் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்கள் மொட்டையாக இருக்கின்றன என்று பொருள். பிறகு ஆண்குரல் உள்ள ஒருவர் வாயை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே மெல்ல வழுக்கிக்கொண்டே 'ம்ம்' என்று முனகட்டும். ஏதோ ஓர் இடத்தில் அறை திடீரென்று கூடச் சேர்ந்து பாடும். அதுதான் அறையின் சுரம். அறை மூலையில் நின்று செய்தால் இன்னும் எளிதாகத் தெரியும்.

கொஞ்சம் துல்லியமாக வேண்டுமென்றால் ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விசார்ட்) என்ற, அறை ஒலியை அளக்கும் இலவச மென்பொருளும் ஒரு யுஎஸ்பி அளவு மைக்கும் போதும். மைக்குக்கு ஆகும் செலவு ஹை-எண்ட் என்று விற்கும் ஸ்பீக்கர் ஒயருக்கு ஆவதைவிடக் குறைவு, பலன் பல மடங்கு.

வெளிநாட்டு விமர்சனங்களில் 'பேஸ் அளவாக இருக்கிறது' என்று எழுதியிருந்த ஸ்பீக்கர் என் நண்பர் வீட்டில் கடகடவென்று இரைகிறதே?

இது அடிக்கடி நடக்கும், காரணமும் தெளிவானது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தச் சுவர் பேஸுக்குக் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அசையும்போது பேஸின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் சுவர் செங்கல், மேலே சிமென்ட் பூச்சு, கூரை கான்கிரீட். அது அசையாது, பேஸ் முழுவதையும் திருப்பி அறைக்குள்ளேயே அனுப்பும். கீழே விட்ரிஃபைட் டைல் அல்லது கிரானைட், மேல்ஸ்தாயியையும் (உயர்ந்த அதிர்வெண் ஒலியையும்) அதுபோலவே திருப்பி அனுப்பும். ஆக, அங்கே சமநிலையாகக் கேட்ட ஸ்பீக்கர் இங்கே இரண்டு முனையிலும் கூடுதலாகக் கேட்கிறது. விமர்சகர் பொய் சொல்லவில்லை, அவருடைய அறை வேறு.

இதனால் நான் சொல்வது: விமர்சனத்தில் 'பேஸ் கொஞ்சம் மெலிவு' என்று இருந்தால் பயப்படாதீர்கள், நம் வீட்டுக்கு அது அநேகமாகச் சரியாக வரும். 'மேல்ஸ்தாயி பளபளவென்று இருக்கிறது' என்று இருந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

டவரா, ஸ்டாண்டில் வைக்கும் சின்ன ஸ்பீக்கரா?

150 சதுர அடிக்குக் கீழே என்றால் ஸ்டாண்டில் வைப்பதுதான். அதற்கு மேலே, நீங்கள் உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து குறைந்தது 8, 9 அடி தள்ளி இருந்தால் டவரைப் பற்றிப் பேசலாம். மூன்று, நான்கு டிரைவர்கள் (ஒலி எழுப்பும் உறுப்புகள்) மேலும் கீழுமாக இருக்கும் பெரிய டவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவை ஒன்றாகக் கலக்காமல் குரல் ஓரிடத்திலும் சிம்பல் வேறிடத்திலும் இருந்து வருவது தெரியும்.

சின்னது என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பிபிசி 1970-களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. ஓர் அடி உயரம், கெஃப் நிறுவனத்தின் இரண்டு டிரைவர்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சட்டென்று விழுந்துவிடும். வேன் போன்ற குறுகிய இடத்தில் பேச்சும் குரலும் பிசகாமல் கேட்க வேண்டும் என்பதுதான் தேவை, அந்தத் தேவைக்குச் செய்ததால் இன்றுவரை ஆட்கள் அதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அதே பிபிசி மரபில் வந்த ஹார்பெத், ஸ்பென்டார் போன்றவற்றின் சின்ன மாடல்களும் நம் படுக்கையறை அளவுக்குப் பொருந்துபவை.

என் வீட்டில் சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும். என்ன செய்ய?

இதை வாங்குவதற்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டு தேடுவது நல்லது. பின்னால் இரண்டடி இடம் வேண்டும் என்று கேட்கும் ஸ்பீக்கரை வாங்கிவிட்டு, விருந்தாளி வரும்போதெல்லாம் சுவரோடு தள்ளி, போனதும் திரும்ப இழுத்துவைக்கிற பழக்கம் எந்த வீட்டிலும் நீடிப்பதில்லை.

ஸ்பீக்கரின் முகப்புக்கும் பின்சுவருக்கும் எவ்வளவு தூரமோ, அதை வைத்து ஓரிடத்தில் ஒலி பள்ளமாகிவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியை அடித்துவிடுவதுதான் காரணம். 282-ஐ அந்தத் தூரத்தால், அடியில், வகுத்தால் பள்ளம் எங்கே என்று தெரியும். இரண்டடி என்றால் 141 ஹெர்ட்ஸ்: ஆண்குரலின் அடிச்சுரம் உலவும் இடம், குரல் மெலிந்துபோகும். சுவருக்கு மிக அருகில் வைத்தால் பள்ளம் மேலே நகர்ந்து அதிகம் உறுத்தாமல் போகிறது, ஆனால் பேஸ் ஏறுகிறது. அதனால் சுவரோரம் வைப்பதற்கென்றே வடிவமைத்தவற்றைத் தேடுங்கள். மூடிய பெட்டி, அல்லது முன்பக்கத் துளை உள்ளது ஓரளவு உதவும். ஆடியோ நோட் நிறுவனத்தின் ஏஎன்-ஈ மூலையில் வைக்கவே செய்தது. பால் கிளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் மூலைச் சுவர்களையே ஹார்னின் (விரிந்துகொண்டே போகும் ஒலிக்குழலின்) தொடர்ச்சியாகப் பயன்படுத்துகிறது, ஆனால் நெஞ்சளவு உயரமுள்ள அந்தப் பெட்டி இரண்டை வைக்க உங்களுக்கு இரண்டு காலி மூலைகள் வேண்டும், ஒன்றில் பீரோவும் இன்னொன்றில் பூஜை அலமாரியும் இருக்கிற வீட்டில் அது நடக்காது. ஜெனெலெக் போன்ற, ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) உள்ளேயே இருக்கும் மானிட்டர்களில் சுவரோரம் வைத்தால் பேஸைக் குறைக்கப் பின்னாலேயே ஸ்விட்ச் கொடுத்திருப்பார்கள், அது நேர்மையான வழி.

குவாட் போன்ற எலெக்ட்ரோஸ்டாட்டிக் பேனல்களை (பெட்டி இல்லாமல், மின்னழுத்தத்தில் அசையும் மெல்லிய படலம் ஒலி எழுப்பும் வகை) சுவரோரம் நினைக்கவே வேண்டாம். முன்னால் எவ்வளவு ஒலியோ பின்னாலும் அவ்வளவு ஒலி வரும், பின்னால் மூன்றடியாவது வேண்டும். குரலுக்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை என்பது என் கருத்து, ஆனால் கடற்கரை ஈரப்பதமும் தூசியும் அந்த ஹைவோல்டேஜ் பேனலுக்கு ஆகாது.

நான் கர்நாடக சங்கீதம் மட்டும்தான் கேட்பேன். எனக்கு அவ்வளவு பேஸ் வேண்டுமா?

வேண்டாம், இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பணம் மிச்சமாகலாம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஒருவருக்கு மத்திய ஷட்ஜமம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜமம் 65. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு அவை 196, 98. தம்புராவிலும் காதுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அடிச்சுரம் இல்லை, அதன் மேல் பூத்துவரும் மேற்சுரங்கள்தான். 60 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஸ்பீக்கரில் கச்சேரியில் எதுவும் குறைந்துபோகாது. 25 ஹெர்ட்ஸ் வரை போகிறது என்று கடையில் பெருமையாகச் சொன்னால், அந்த இடத்தில் உங்கள் பாட்டில் இருப்பது மேடையில் நடக்கும் சத்தமும் ஏசி உறுமலும்தான்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது 100-இலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே நேர்மையான குணம். குரலும் வயலினும் அங்கேதான் இருக்கின்றன. ஆலாபனையில் பாடகரின் பிடியை வயலின் நிழல்போலத் தொடரும்போது இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்க முடிகிறதா, சாகித்யத்தில் ழகரமும் ளகரமும் வேறு வேறாக விழுகின்றனவா, சகரம் காதைக் கீறாமல் வருகிறதா, இவற்றைப் பாருங்கள். வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு (உயர்ந்த ஒலியைக் கொடுக்கும் சின்ன டிரைவருக்கு) ஒலி கைமாறும் இடம் பெரும்பாலும் 2,000, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அங்கே பிசகினால் வயலின் மேலே போகப்போக வேறு வயலின் போலக் கேட்கும்.

மிருதங்கத்தை வைத்து அறையையே சோதிக்கலாம். வலந்தலையின் (வலது முகத்தின்) நடுவில் உள்ள கறுப்புக் கரணைதான் அந்தத் தோலின் மேற்சுரங்களைச் சுருதியோடு ஒத்துப்போக வைக்கிறது என்று சி.வி. ராமன் 1920-இலேயே எழுதினார், அந்த மீட்டில் ஷட்ஜமம் தெளிவாக நிற்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் தொப்பி, அதாவது இடது முகம். மணிக்கட்டை அழுத்தி வழுக்கி எழுப்பும் கும்கி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழையாக நகர வேண்டும். அறையின் முழக்கம் அந்தப் பாதையில் குறுக்கே நின்றால் கும்கி வழுக்காது, ஓரிடத்தில் மட்டும் 'தொம்' என்று வீங்கி மற்ற இடங்களில் மறையும். 17 அடி நீள ஹாலில் இரண்டாவது முழக்கம் சுமார் 66 ஹெர்ட்ஸில் வரும், தொப்பிக்கு இது சிக்கலான இடம். எந்தக் கருவியையும்விட இந்தக் கும்கிச் சோதனையை நான் நம்புகிறேன். எம்.டி. ராமநாதன் போல மிகத் தாழ்ந்த சுருதியில் பாடியவர்களின் பதிவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், அறை கூடச் சேர்ந்து பாடுகிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

நாதஸ்வரம், தவில் விரும்பிக் கேட்பவர்களுக்கு?

இது வேறு கணக்கு. இரண்டுமே கோயில் பிராகாரத்திலும் வீதியிலும் தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்று உருவான வாத்தியங்கள். விரலில் கூடு மாட்டிக்கொண்டு தவிலின் வலந்தலையில் அடிக்கும் அந்த ஒரு அடி எவ்வளவு வேகமாக எழுகிறதோ அவ்வளவு வேகமாக ஸ்பீக்கரும் எழ வேண்டும். உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் சத்தம் கொடுக்கிறது என்பது) குறைந்த சின்ன ஸ்பீக்கரில் அடி மழுங்கி, தவில் வேறேதோ ஒரு கொட்டு போலக் கேட்கும். இங்கே உணர்திறன் 90 டெசிபலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கரும், ஹார்ன் வகையும் நியாயம் செய்யும்.

நாதஸ்வரத்தின் மேற்சுரங்கள் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் நிறைய இருக்கின்றன. பளபளப்பான ட்வீட்டர், டைல் தரை, திரையில்லாத சன்னல் மூன்றும் சேர்ந்தால் ஒரு ராகம் முடிவதற்குள் ஒலியைக் குறைத்துவிடுவீர்கள். ராஜரத்தினம் பிள்ளை காலத்து 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளை அதிகம் கேட்பவர் என்றால் மேல்ஸ்தாயியில் அடக்கமான ஸ்பீக்கரையே தேர்ந்தெடுங்கள். அந்தத் தட்டுகளில் உயர் அதிர்வெண்களில் இருப்பதில் பெரும்பகுதி ஊசியின் உராய்வுச் சத்தம்.

சினிமாப் பாட்டுக்கு?

எந்தக் காலத்துப் பாட்டு என்பதைப் பொறுத்தது. 1970-களின் கடைசி வரை வந்தவை பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. எம்.எஸ். விஸ்வநாதன் காலத்துப் பதிவுகளுக்கு குரல் பகுதி நன்றாக உள்ள எந்தச் சின்ன ஸ்பீக்கரும் போதும். இன்னொரு பயனும் உண்டு: அந்த மோனோ பாட்டைப் போட்டால் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், வெற்றுக் காற்றிலிருந்து வர வேண்டும். பக்கவாட்டில் இழுத்தாலோ அகலமாகச் சிதறினாலோ வைத்த இடத்தில் பிழை இருக்கிறது.

இளையராஜாவின் 80-களின் பாட்டுகளுக்கு பேஸ் கிட்டார் ஒரு தனிப் பாடகர் மாதிரி. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். வரிக்கு அடியில் அது தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போகும், ஒவ்வொரு சுரமும் ஒரே எடையில் கேட்டால்தான் அந்த மெட்டு புரியும். இதற்கு 45 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஸ்பீக்கரும் அடங்கிய அறையும் தேவை. பேஸ் அதிகமாக இருப்பதைவிடச் சீராக இருப்பது முக்கியம். 1992-க்குப் பிறகு ஏ.ஆர். ரகுமானும் அவரைத் தொடர்ந்தவர்களும் கொண்டுவந்த சிந்தசைசர் பேஸ் இன்னும் கீழே போகும், அதற்குத்தான் டவரோ சப்வூஃபரோ (பேஸுக்கு மட்டுமான தனிப் பெட்டி) உண்மையில் வேலை செய்கிறது. சின்ன ஸ்பீக்கரோடு இரண்டு சின்ன சப்வூஃபர்களை வெவ்வேறு இடங்களில் வைத்தால் ஒரே ஒரு பெரிய சப்பைவிட அறை முழுவதும் பேஸ் சீராகப் பரவும். இந்த வழியை யாரும் கடையில் முதலில் சொல்வதில்லை, ஆனால் நம் அறைகளுக்கு இது மிக நல்ல வழி.

ஒரு எச்சரிக்கை. அண்மைக்காலப் பாட்டுகளில் பலவற்றை சத்தம் கூட இருக்க வேண்டும் என்று நசுக்கி வெளியிடுகிறார்கள். உங்கள் பட்டியலில் அவைதான் அதிகம் என்றால் ஹை-எண்ட் ஸ்பீக்கர் அந்த நசுக்கலைத் துல்லியமாகக் காட்டும், கேட்கும் மகிழ்ச்சி அதிகமாகாது.

அக்கம்பக்கம், குழந்தை தூக்கம் என்று மெதுவாகத்தான் வைத்துக் கேட்க முடியும். அப்போதும் பலன் இருக்குமா?

பாதிப் பலன். ஒலி குறையக் குறைய நம் காது பேஸை மற்றதைவிட வேகமாக இழக்கிறது, ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். அதனால் மெதுவாகக் கேட்பவர் ஆம்பில் லௌட்னெஸ் வசதி (குறைந்த ஒலியில் பேஸைத் தூக்கிக் கொடுப்பது) இருக்கிறதா என்று பார்ப்பது ஸ்பீக்கரை மாற்றுவதைவிடப் பயன்.

அதோடு சீலிங் ஃபேன். முழு வேகத்தில் ஓடும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால், தம்புராவின் கடைசி இழை, பாடகர் மூச்செடுப்பது, ஒரு சொல் முடிந்து சபா அமைதியாவது எல்லாமே அந்தக் காற்றிரைச்சலுக்குள் போய்விடும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் இந்த நுணுக்கங்களுக்குத்தான். கேட்கும் ஒரு மணி நேரத்துக்கு ஃபேனைக் குறைத்து வைக்க முடியுமா என்று மே மாதத்தை நினைத்துப் பார்த்து பதில் சொல்லுங்கள். முடியாதென்றால் சத்தம் குறைந்த ஏசிக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

ஆம்ப் எத்தனை வாட் வேண்டும்?

கணக்குப் போட்டுவிடலாம். உணர்திறன் 86 டெசிபல் என்றால் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 86 டெசிபல். இரண்டு ஸ்பீக்கர் என்பதற்கு 3 கூட்டி, நீங்கள் எட்டடி தள்ளி அமர்வதற்குச் சுமார் 5 கழித்தால் உங்கள் காதில் 84. தவிலின் உச்ச அடிக்கு 100 வேண்டுமென்றால் இன்னும் 16 டெசிபல், அதாவது 40 வாட். 95 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே வேலையை 5 வாட் செய்துவிடும். சின்ன வால்வ் ஆம்ப் ஆசை உள்ளவர்கள் உணர்திறனை முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான். ஓம் அளவையும் (ஸ்பீக்கரின் மின்தடை, குறைந்தால் ஆம்புக்குப் பாரம் கூடும்) பாருங்கள், பெட்டியில் 8 என்று எழுதியிருந்தாலும் சில ஸ்பீக்கர்கள் பேஸில் 3 ஓம் வரை இறங்கும், சாதாரண ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) அங்கே திணறும்.

நாங்கள் பாயில் உட்கார்ந்தோ ஊஞ்சலிலோதான் கேட்போம். பரவாயில்லையா?

தரையில் உட்கார்ந்தால் உங்கள் காது, நாற்காலியில் இருப்பதைவிட ஓரடியாவது தாழ்ந்திருக்கும். ட்வீட்டர் நாற்காலிக்காரரின் காதுக்கு நேராக வைக்கப்பட்டது. கீழிருந்து கேட்கும்போது வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றையொன்று அடித்துக் குரல் பகுதியில் ஒரு பள்ளம் விழலாம். ஸ்டாண்டில் வைப்பது என்றால் உயரம் குறைந்த ஸ்டாண்டு செய்துகொள்ளுங்கள், எந்தத் தச்சரும் செய்துகொடுப்பார். ட்வீட்டரை வூஃபரின் நடுவிலேயே பொருத்திய கெஃப் போன்ற அமைப்பு இந்த மேல் கீழ்ச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கும். ஊஞ்சல் என்றால் அதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், ஆடிக்கொண்டே கேட்பவருக்கு ஸ்டீரியோவின் நடுக்குரல் ஓரிடத்தில் நிற்காது.

அறையைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கு எடுத்துவையுங்கள் என்பேன். ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895-இல், பேசினால் எதுவும் விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்ய, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் அந்த மெத்தைகளிலிருந்துதான் ஆரம்பித்தது. 12-க்கு 14 அறை ஒன்று டைலும் பூச்சுச் சுவருமாகக் காலியாக இருந்தால் அவருடைய சூத்திரப்படி ஒலி அடங்க 3 விநாடிக்கு மேல் ஆகும். பாட்டு கேட்க நமக்கு வேண்டியது அரை விநாடிக்குள்.

கனமான திரை, துணிச் சோபா, சுவர் நிறையப் புத்தக அலமாரி, தரையில் தடித்த விரிப்பு என்று சேர்த்தாலே குரல் பகுதி அடங்கிவிடும். இலவம்பஞ்சு மெத்தையும் நன்றாக வேலை செய்யும். பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ அங்கே நாலு அங்குல ராக்வூல் (கல்நார் போலன்றி, பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகையைத் துணி போர்த்தி மாட்டுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண். மெல்லிய கார்பெட் மட்டும் போடுவதும் மேல்ஸ்தாயியைக் கொன்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவிடும். கண்ணாடி ஷோகேஸ், எவர்சில்வர் பாத்திர அலமாரி, பீரோக் கதவு அதிர்கின்றனவா என்றும் பாருங்கள், ஒரு துண்டு ரப்பர் வைத்தால் தீரும்.

பேஸுக்கு மெத்தை, திரை எதுவும் போதாது. அங்கே உட்காரும் இடத்தை மாற்றுவதும் டிஎஸ்பி (கணினி வழி ஒலித்) திருத்தமும்தான் நடைமுறை வழி. டிராக் போன்ற திருத்த மென்பொருள் வீங்கிய இடத்தைத் தட்டிச் சமமாக்கும், ஆனால் பள்ளத்தை நிரப்பாது. பள்ளத்தில் எவ்வளவு கொட்டினாலும் எதிரொலி அதையே திரும்ப அடித்துவிடும், ஆம்புக்குத்தான் பாரம். உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் தலை சாய்த்து உட்காராதீர்கள், சோபாவை இரண்டடி முன்னால் இழுத்தாலே பேஸ் பாதி ஒழுங்காகும்.

ஒயர், பவர் கார்டு எல்லாம்?

தேவையான தடிமன் உள்ள செம்பு ஒயர் போதும். வீட்டு எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள், அது ஒலிக்கும் நல்லது உயிருக்கும் நல்லது.

கடையில் கேட்டபோது அசந்துபோனேன். வாங்கிவிடலாமா?

கடையின் டெமோ அறை பெரும்பாலும் ஒலிக்காகவே செய்தது, போடும் பாட்டும் அந்த ஸ்பீக்கருக்குப் பிடித்த பாட்டு. கேட்டு ரசியுங்கள், ஆனால் பணம் கட்டாதீர்கள். வைப்புத்தொகை கொடுத்தாவது வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்க அனுமதி கேளுங்கள். லட்சக்கணக்கில் விற்கும் எவரும் இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும், மறுப்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

வந்த பிறகு நீங்கள் மனப்பாடமாக அறிந்த பாட்டுகளையே போடுங்கள், பழைய ஸ்பீக்கரோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைக்க போனில் ஒரு டெசிபல் ஆப் போதும். ஒரு டெசிபல் அதிகமாக இருந்தாலே 'இது தெளிவாக இருக்கிறதே' என்று காதை ஏமாற்றும். முடிந்தால் வீட்டில் யாரையாவது மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலியியல் ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே மதிப்பெண் போட்டவர்கள் திரைக்குப் பின்னால் வைத்தபோது மதிப்பெண்ணை மாற்றினார்கள். நேர் ஒலி சீராகவும் பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே குணத்தோடும் இருந்த ஸ்பீக்கர்களே திரைக்குப் பின்னால் பெரும்பாலும் முந்தின, விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை.

முதல் நாள் கிடைக்கும் ஆனந்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் வேலை முடிந்து களைப்பாக வந்து உட்காரும்போது ஒரு முழுக் கச்சேரியைக் கேட்க முடிகிறதா, இல்லை அரை மணியில் காது போதும் என்கிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை கேளுங்கள், பேஸ் மாறும். வீட்டில் மற்றவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள், அவர்கள் சொல்லும் 'ஏதோ இரைச்சலா இருக்கு' என்ற ஒரு வரியில் பெரும்பாலும் உண்மை இருக்கும்.

பழைய ஸ்பீக்கர் வாங்கலாமா?

தாராளமாக, நம் நாட்டில் இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்து ஏறும் விலைக்கு அதுவே நியாயமான வழி. வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா ரப்பரா என்று முதலில் பாருங்கள். ஃபோம் என்றால் நம் ஈரப்பதத்தில் உதிர்ந்துபோகும், விரலால் மெல்லத் தொட்டாலே பொடியாக வரும், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத் துளையில் டார்ச் அடித்து உள்ளே பூச்சிக்கூடு இருக்கிறதா, பெட்டியின் அடியில் கரையான் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ட்வீட்டர் டோம் குழிந்திருந்தால் அது ஏதோ ஒரு குழந்தையின் விரல் வேலை, துணி டோம் என்றால் பெரும்பாலும் திரும்ப எழுப்பிவிடலாம், பெரிலியம் டோம் என்றால் உடைந்த துகள் நச்சு, தொடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.